முன்னால் நம்பர் இல்லாத மஞ்சள் கார்

ஆண்டவன் மனிதனுக்கு நெற்றியைப் படைத்ததே அதில் நம்பர் எழுதத்தான், ஏதோ அவசரத்தில் எழுதாமல் அனுப்பிவிட்டான் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் எந்த டீக்கடையில், எந்தப் பட்டறையில் விசாரித்தாலும் அவர் பெயர் 'நாப்பத்தொண்ணு பதினாலு'. மரியாதை தெரிந்தவர்கள் 'நாப்பத்தொண்ணு பதினாலுங்க' என்பார்கள்.

அது அவருடைய லாரியின் நம்பர். நாமக்கல் பக்கம் லாரிக்காரர்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது புதிதல்ல. தெருமுனையில் நின்று 'பழனிச்சாமி' என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். மீதிப் பாதி சுப்பிரமணி. அதனால் 'முப்பது பதினெட்டு அசாம் போயிருக்காரு', 'அறுவது அஞ்சுக்குப் பொண்ணு பொறந்திருக்குது' என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அதெல்லாம் லாரிக்காரர்களுக்குள். அந்த வழக்கத்தை மனித குலம் முழுமைக்கும் விரித்த பெருமை இவருக்குத்தான் சேரும்.

நான் ஆத்தூர்க்காரி. நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்து, வீடு தேடி அலைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சம்பளம் எவ்வளவு, வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார், கறி மீன் சமைப்பீர்களா, இப்படி. இவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வண்டி இருக்குதுங்களா?"

"ஸ்கூட்டர் இருக்கு."

"நம்பர் என்னங்க?"

சொன்னேன். கண்ணை மூடி, ரசத்தில் உப்புப் பார்ப்பதுபோல நாக்கில் போட்டுப் பார்த்தார். "அறுவத்திரெண்டு முப்பத்தேழு. நல்ல ஓசைங்க. கூப்புடறதுக்குச் சொகமா இருக்கும். ஏ புள்ளெ, மாடிச் சாவிய எடுத்துக் குடு!"

உள்ளேயிருந்து சாவியோடு வந்தவர் அவர் மனைவி, சரசக்கா. அந்த வீட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிடப்படாத ஒரே ஜீவன். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் தப்பித்தார்.

அந்த வீட்டை விட்டு நான் கிளம்பும் வரைக்கும் அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை. ஆட்டையாம்பட்டியில் இருக்கும் என் சித்தி ஒருமுறை முறுக்குப் பார்சல் அனுப்பினாள். கூரியர்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அப்பிடி ஆரும் இங்க இல்லீங்களே" என்று நம்மவர் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் விஷயம் தெரிந்து நான் சண்டைக்குப் போனால், அவர்தான் என்மேல் வருத்தப்பட்டார். "ஏனுங் அறுவத்திரெண்டு முப்பத்தேழு, உங்களுக்கு இன்னொரு பேரும் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே?"

பால்காரர் அவருக்கு 'அம்பது பத்து'. எதிர்வீட்டு டாக்டர் பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கியபோது பெரிய சிக்கலாகிவிட்டது. ஆள் மாறவில்லை, நம்பர் மாறிவிட்டது. யோசித்து யோசித்துக் கடைசியில் அவரை 'முன்னாள் இருவத்தொண்ணு நாப்பது' என்று கூப்பிட ஆரம்பித்தார். காய்ச்சல் வந்தால்கூட அப்படித்தான். தேர்தலில் தோற்றவரைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று டாக்டர் என்னிடம் புலம்பியிருக்கிறார். நடந்து போகிறவர்கள் எல்லோரும் நடராஜா. அதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

இவ்வளவு சொல்கிறாரே, இவரிடம் எந்த வண்டி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமே கிடையாது. சைக்கிள்கூட இல்லை. ஆறடி உயரம், தோளில் துண்டு, கால்நடையாகத்தான் எங்கேயும் போவார். ஆனால் அவரை நடராஜா என்று கூப்பிட நாமக்கல்லில் ஒருத்தருக்கும் தைரியம் வந்ததில்லை.

சாயங்காலம் ஆனால் பைபாஸ் டீக்கடை பெஞ்சில் உட்காருவார். எனக்கு அது பள்ளியிலிருந்து திரும்புகிற வழி. முதல் தடவை அந்தக் காட்சியைப் பார்த்தபோது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தூரத்தில், கானல் நீருக்குள் லாரி ஒரு புள்ளியாக வரும். எனக்கு அது லாரியா மாடா என்றே தெரியாது. அவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, வலது கையைத் தூக்கி, "எழுவத்தெட்டு நாப்பத்தாறு வாராரு" என்பார். லாரி கிட்டே வரும். அதே நம்பர். டிரைவர் ஹாரனை அழுத்தி ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த புள்ளி. அடுத்த கை. ஆத்தூர் ஜவ்வரிசி, நாமகிரிப்பேட்டை மஞ்சள், முட்டை லாரி, எது வந்தாலும் அவருக்கு அது ஒறம்பரை, சொந்தபந்தம், வருவது மாதிரிதான்.

"எல்லாரையும் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மூஞ்சிய பாத்தாத் தெரியாதுங்களா?" என்றார். மூஞ்சி என்று அவர் சொன்னது டிரைவரின் முகத்தை அல்ல. முன் நம்பர் பலகையை.

அன்றைக்குத்தான் அவருடைய சித்தாந்தத்தை முழுசாகச் சொன்னார். "முன் நம்பரு வாரவனக் கும்புடறதுக்குங்க. பின் நம்பரு போறவன வையறதுக்கு. நான் இன்னி வரைக்கும் ஒருத்தரோட பின் நம்பரப் படிச்சதில்ல. அது பொறம் பேசற மாதிரி."

சும்மா வாய் வார்த்தை இல்லை. ஒருநாள் ஏதோ ஒரு டெம்போ எங்கள் காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் ஓடியது. பார்த்த ஒரே சாட்சி இவர். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், "ஊருக்கே நம்பர் சொல்ற ஆளு நீங்க. சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். "முதுகுதானுங்க தெரிஞ்சுது. மூஞ்சியப் பாக்கலியே" என்றார் இவர். இடிந்தது அவருடைய சொந்தச் சுவர்! இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி, சரசக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள், கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை காரின் முன்பக்கம் முழுக்க ரோஜாவும் சம்பங்கியும் மெத்தை மாதிரி அப்பியிருந்தார்கள். இவர் நடுரோட்டில் துண்டை விரித்துக் காட்டி நிறுத்திவிட்டார். மேளக்காரர்கள் நின்றார்கள், பட்டாசு வெடிப்பவர் நின்றார். இவர் குனிந்து, பூவை ஓரமாக ஒதுக்கி, நம்பரை வாய்விட்டுப் படித்து, மாப்பிள்ளையைப் பார்த்துக் கை தூக்கினார். "இப்பப் போங்க சாமி. ஆரு வாராங்கன்னு எதுக்க வாரவனுக்குத் தெரியோணுமல்ல?" மாப்பிள்ளை பயந்துபோய்க் கும்பிட்டார். அவர் அன்றைக்குக் கும்பிட்டதிலேயே பயபக்தியான கும்பிடு அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

லாரி என்ன ஆயிற்று என்று ஒருநாள் சரசக்காவிடம் கேட்டேன். மகனுக்காக விற்றுவிட்டாராம். மகன் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் தொழிலில் பங்கு சேர்ந்து ஆப்பிரிக்கா போக ஆசைப்பட்டபோது, இருந்த ஒரே லாரியைக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் வடக்கே எங்கேயோ இருந்து டிரைவரை அனுப்பியிருந்தார்.

"வண்டிய எடுக்கறப்ப, முதுகக் காட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லீட்டாருங் டீச்சர்" என்றார் அக்கா. "அந்த டிரைவரு என்னென்னமோ இந்தில கத்தறான். இவரு கேக்கோணுமே! கடைசில இந்தத் தெரு முச்சூடும் ரிவர்ஸ்லயே போனான். மெயின் ரோடு வரைக்கும். இவரு வாசல்ல நின்னு கையத் தூக்குனவருதான், வண்டி மறையற வரைக்கும் எறக்கல. அதுக்கப்பறம் வேற வண்டியே வேண்டாம்னுட்டாரு."

நான் எட்டி, தெருவை மெயின் ரோடு வரைக்கும் ஒருமுறை பார்த்தேன். ரிவர்ஸில் போவதற்கு அது ரொம்ப நீளமான தெரு.

அந்த மகன்தான் ஒருநாள் ஆப்பிரிக்காவிலிருந்து லீவில் வந்து, பெங்களூர் போய், ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான். பழையதுதான், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. எலுமிச்சம்பழ மஞ்சள். உயரம் என் இடுப்புக்குக் கூட வரவில்லை. தெருவில் நாங்களே போட்டுக்கொண்ட வேகத்தடை ஒன்று உண்டு, சின்னக் குன்று மாதிரி இருக்கும். அதன்மேல் ஏற்ற முடியாமல், பட்டறையிலிருந்து பலகை கொண்டுவந்து இரண்டு பக்கமும் சாய்த்துப் போட்டு, சாமி சப்பரம் தூக்குவதுபோல ஆளுக்கு ஒரு குரல் கொடுத்து ஏற்றி இறக்கினார்கள். ஊரே கூடிவிட்டது. பழைய லாரி ஷெட்டுக்குள் மகன் அதை ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்தினான். வண்டியை எப்போதும் புறப்படத் தயாராகத்தான் நிறுத்த வேண்டும் என்பது அப்பா கற்றுக்கொடுத்த பாடம். பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது.

நம்மவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் நின்று பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். திரும்ப முன்னால் வந்தார். என்ன விலை, எவ்வளவு மைலேஜ் என்று கேட்பார் என நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"இதுக்கு மூஞ்சி எங்க சாமி?"

"இதானுங்கப்பா மூஞ்சி."

"மூஞ்சின்னா பேரு இருக்கோணுமே. நம்பரக் காணம்?"

"முன்னாடி மாட்டறதுக்கு எடமே இல்லீங்க. வெளிநாட்டுக்காரன் அப்பிடித்தான் செஞ்சிருக்கான். பின்னாடி இருக்குதுங்க."

"பின்னாடி!" என்றார். யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்ட குரல். "அவனூர்ல எதுக்க ஆருமே வரமாட்டாங்களா?"

சட்டப்படி முன்னாலும் நம்பர் வேண்டுமே தம்பி என்று நானும் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். "ஃபைன் கட்டிக்கலாங் டீச்சர்" என்றான் மகன். "பம்பர்ல ஓட்ட போட்டா கெட்டுப் போயிரும். நல்ல மூஞ்சில மூக்குக் குத்துன மாதிரி ஆயிரும்."

"குத்துனா என்ன? உங்கம்மா குத்தல? எவ்வளவு லட்சணமா இருக்கறா!"

சரசக்கா கூட்டத்துக்கு நடுவில் வெட்கத்தோடு மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் கேட்ட முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

மகன் விடவில்லை. முன்பக்க மூடியைத் திறந்து காட்டினான். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி வைக்கும் குழிதான் இருந்தது. "பாருங்கப்பா, டிக்கி முன்னாடி, எஞ்சின் பின்னாடி. அப்பிடிப்பட்ட வண்டிங்க இது." இவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையாட்டுவதுபோல மெதுவாகத் தலையாட்டினார். பிறகு முடிவாகச் சொன்னார். "பேரில்லாத வண்டில நான் ஏற மாட்டேன், குமரேசா."

மகனை, செல்லமாகச் 'சாமி' என்பதைத் தவிர, எப்போதும் அவன் காலேஜ் பைக்கின் நம்பரைச் சொல்லி 'எம்பது எம்பது' என்றுதான் கூப்பிடுவார். குமரேசன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதைவிடப் பெரிய வசவு அவரிடம் கிடையாது.

மறுநாள் சரசக்கா என்னைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் இழுத்துப் போனார். சுவருக்கும் காருக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையத்தான் இடம். "பாருங் டீச்சர்" என்று டார்ச் அடித்தார். பின் நம்பர் பலகை. நான்கு எண்கள். நாற்பத்தொன்று பதினான்கு.

காரை வாங்கிய கையோடு நம் ஊருக்குப் பதிவை மாற்றும்போது மகன் அந்த நம்பரைத்தான் கேட்டு, காத்திருந்து வாங்கியிருக்கிறான். தெரு முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர் ஒருவர்தான். அவர்தான் பின் நம்பர் படிக்க மாட்டாரே! மகன் காரை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம், முதுகு தெரிவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மகனைப் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினேன். "ஏன் தம்பி, வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நானாச் சொன்னா என்னமோ பெருசாச் செஞ்சு போட்ட மாதிரி ஆயிருங் டீச்சர். அவரே பாக்கோணும்."

"அப்போ முன்னாடி மாட்டித் தொலையேன். அவரே பார்த்துடுவார்."

"அதெப்பிடிங்க? காருக்கு அது அழகில்லியே. இந்த ஒரு வெசயத்துலயாவது என்ற பேச்ச அவரு கேக்கட்டும்." முன் பலகை அந்த டிக்கிக் குழிக்குள்தான், விரிப்புக்கு அடியில் கிடக்கிறதாம். மாட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால். பிறகு வேறு குரலில் சொன்னான். "சின்னதுல லாரில என்னைய முன்னாடி ஒக்கார வெச்சு ஊரெல்லாம் காட்டுனாருங். அவர ஒரு தடவகூட நான் பக்கத்துல ஒக்கார வெச்சு ஓட்டுனதில்ல. கோயில் நோம்பி முடிஞ்சா நான் கெளம்போணும். மறுக்கா எப்ப வருவேன்னு தெரியாது."

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். காருக்குள் அவர் ஏற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு நடுவில் ஒரு முழம் தகரம் நின்றுகொண்டிருந்தது.

ரகசியம் எப்படியாவது வெளியே வந்துவிடும் என்று நான் நம்பினேன். எங்கள் தெருவில் ரகசியம் தங்காது. ஆனால் இந்த ரகசியத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. அது உடைந்தாலும் தெரியாது. ஒரு காலையில் பால்காரர் தாங்க முடியாமல், நம்மவர் முகத்துக்கு நேராகவே உடைத்துவிட்டார்.

"ஏனுங்க, நாப்பத்தொண்ணு பதினாலு ஷெட்டுக்குள்ளதான் நிக்குதுங்க! போயிப் பாருங்க!"

"நான் இங்கதானப்பா நிக்கறேன். உனக்கு என்னாச்சு, அம்பது பத்து?"

பால்காரர் திருதிருவென்று விழித்தார். இவர் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு முன்னாள் இருவத்தொண்ணு நாப்பதிடம் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். இன்னொரு நாள் அக்கா சாடையாக, "நாப்பத்தொண்ணு பதினாலுக்குப் பெட்ரோல் போடோணுமாமா" என்றார். "எனக்கெதுக்குப் புள்ளெ பெட்ரோலு? காப்பியத் தா" என்று பதில் வந்தது.

நோம்பி வந்தது, கிடா வெட்டு முடிந்தது. அப்பாவும் மகனும் ஒரே இலைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகன் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பெட்ரோல் போடப் போனான். வழக்கம்போல இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகத்தில் என்ன இருந்தது என்பதை மாடியிலிருந்து நான் பார்த்தேன். வீம்பு இருந்தது, அதற்குக் கீழே ஏக்கமும் இருந்தது. அந்தக் காரில் உட்கார அவருக்குக் கொள்ளை ஆசை. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, யாரும் பார்க்காதபோது அதன் முன் மூடியைத் தடவிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரசக்காவும் பார்த்தார் போலிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார். "டேய் கண்ணு, பங்க்லயா இருக்கற? உங்கப்பன் அன்னிக்கு லாரிய ரிவர்ஸ்ல தாட்டி உட்டாரல்ல? நீ கார ரிவர்ஸ்ல கூட்டிட்டு வா. முக்குல இருந்து. ஆமா, முச்சூடும்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இந்த ரெண்டு கிறுக்கு மசையங்களக் கட்டிட்டு நான் படற பாடு இருக்குதே!" என்றார்.

நம்மவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் சத்தம் கேட்டது. ரிவர்ஸ் எடுக்கும் வண்டி அழுகிற அந்தச் சத்தம். பேப்பரைத் தாழ்த்தினார்.

மஞ்சள் கார் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பால்காரர் வேகத்தடைக்குப் பலகை போட்டுவிட்டு, "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி!" என்று கத்தினார். கோலம் போட்டவர்கள் ஒதுங்கினார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு வெளியே வந்துவிட்டார். பலகையில் ஏறி, தயங்கி, இறங்கி, கார் நேராக இவரைப் பார்த்து வந்தது.

பழக்கம் என்பது பெரிய விஷயம். எதிரே ஒரு வண்டி வருகிறது, அதில் ஒரு நம்பர் தெரிகிறது. புத்தி யோசிப்பதற்கு முன்னால் கண் படித்துவிட்டது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வலது கை தானாக மேலே போனது. "நாப்பத்தொண்ணு..." என்று வாய் ஆரம்பித்து, நின்றுவிட்டது.

சட்டென்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏ புள்ளெ, இது முதுகல்ல?" என்று கண்ணை மூடிக்கொள்ளப் போனார்.

"ஏனுங்க" என்று சரசக்கா நிதானமாகக் கேட்டார். "லாரில எஞ்சினு எந்தப் பக்கங்க?"

"முன்னாடி."

"எஞ்சினு இருக்கற பக்கத்த என்னன்னு சொல்லுவீங்க?"

"மூஞ்சின்னு சொல்லுவோம்."

"இந்த வண்டிக்கு எஞ்சினு எந்தப் பக்கங்க?"

அவர் மூடப் போன கண்ணை அகலமாகத் திறந்து பார்த்தார். தூக்கிய கையை இறக்கவே இல்லை. காருக்குள்ளிருந்து மகன் ஹாரன் அடித்தான். லாரிக்காரர்கள் அவருக்கு அடிக்கும் அதே நீளமான ஹாரன்.

கார் வாசலில் நின்றது. இவர் இறங்கிப் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, துண்டால் அந்தப் பலகையைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"தானாக் கெடச்சுதா சாமி?"

"இல்லீங்கப்பா. கேட்டு வாங்குனேன்."

துண்டை எடுத்து முகத்தையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். "வெய்யிலு இப்பவே ஏறுது பாரு" என்றார். மணி எட்டுகூட ஆகவில்லை. பிறகு எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆறடியும் விறைத்து, பழைய ஆளாகிவிட்டார். "செரி எம்பது எம்பது. ஊரு முச்சூடும் இப்பிடி ரிவர்ஸ்லயே போனா உனக்குக் கழுத்து வலிக்கும். அந்தப் பக்கமும் ஒண்ணு மாட்டிரு."

மகன் சிரித்துவிட்டான். முன் மூடியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, முன் பலகையை எடுத்தான். பட்டறையிலிருந்து டிரில்லிங் மெஷின் வந்தது. அவ்வளவு விலையுள்ள மூக்கில் அவனே ஓட்டை போட்டான். அப்பா பலகையைப் பிடித்துக்கொண்டார். சரசக்கா சந்தனமும் குங்குமமும் வைத்தார். உண்மையைச் சொன்னால் பார்க்க நன்றாகவே இல்லை. அந்த வழுவழுப்பான மஞ்சள் மூக்கில் அது ஒட்டவே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒருத்தர்கூட அதைச் சொல்லவில்லை, எனக்கும் சொல்ல மனசு வரவில்லை.

ஆறடி ஆளை அந்தக் காருக்குள் மடக்கி உட்கார வைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. தலை போனால் கால் வெளியே, கால் போனால் துண்டு வெளியே. "எறங்கறதுக்கு கிரேன் சொல்லி வெச்சிருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கார் இந்தத் தடவை நேராகவே புறப்பட்டுப் போனது. அதன் முதுகை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நான் சரசக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குறுக்கு வழியில் டீக்கடைக்குப் பறந்தேன். வழக்கமாக அவர் உட்காரும் பெஞ்ச் காலியாக இருந்தது. கானலுக்குள் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அதற்கு எதிரே போன லாரிகள் ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. அவர்களும் நம்பர் படிக்கத் தெரிந்தவர்கள்தானே. எனக்கு இன்னும் எண்கள் தெரியவில்லை. ஆனால் என் வலது கை அதற்கு முன்பே மேலே போயிருந்தது. பக்கத்தில் அக்காவின் கையும். கார் எங்களைக் கடக்கும்போது ஜன்னல் வழியே ஒரு கை வெளியே வந்தது.

"அறுவத்திரெண்டு முப்பத்தேழூ!" என்று அவர் கத்தியது பைபாஸ் முழுக்கக் கேட்டது.

இப்போது நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். அந்த ஸ்கூட்டர் உழைத்துக் களைத்துவிட்டது. போன மாதம் புதிது வாங்கப் போனேன். ஷோரூமில் இருந்த பையன், நம்பர் ஏதாவது விருப்பம் உண்டா மேடம் என்று கேட்டான். சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். ஃபேன்ஸி நம்பரும் இல்லை, பார்க்க அழகாகவும் இல்லை. "இதுல என்ன மேடம் விசேஷம்? பிறந்த நாளா?" என்றான்.

நாமக்கல்லில் இருந்த காலம் முழுக்க என் ஆத்தூர் வாயில் அந்த 'ங்க' ஒட்டவே இல்லை. சரசக்கா எவ்வளவோ கேலி செய்தும் வந்ததில்லை. அன்றைக்கு எப்படியோ தானாக வந்துவிட்டது.

"அது என் பேருங்க" என்றேன்.